வேர்க்கட்டை தோண்டிய ஞாயிற்றுக்கிழமைகள்

நம் பள்ளியின் ஆண்டு விழா மலருக்கு முந்நூறு சொல்லில் 'இனிமையான நினைவு' ஒன்று எழுதித் தரும்படி வாட்சாப்பில் கேட்டிருந்தார்கள். முதல் செட்டில் உயிரோடும் நினைவோடும் இருப்பவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்களாம், அதனால் நான் கட்டாயம் எழுத வேண்டுமாம். கூடவே பள்ளி வரலாற்றையும் அனுப்பியிருந்தார்கள். யார் வந்து திறந்து வைத்தார், எந்தக் கட்டடம் எப்போது எழும்பியது, எந்த அணி எந்தக் கோப்பையை வென்றது எல்லாம் அதில் இருக்கிறது. திடலுக்கு மட்டும் ஒரே வரி. 'பின்னர் பள்ளித் திடல் சமன் செய்யப்பட்டது.'

செய்யப்பட்டதாம். தானாகவே படுத்துக்கொண்ட மாதிரி. எனக்கு வந்த எரிச்சலில் அன்று சாயங்காலம் முழுக்க வீட்டில் யாரோடும் பேசவில்லை. மருமகள் பயந்துபோய் ரத்த அழுத்த மாத்திரையைக் கொண்டுவந்து நீட்டினாள். முந்நூறு சொல்லுக்குள் அடங்கும் சங்கதி இல்லை இது. ஆகவே மலரை விட்டுவிட்டு என் வயதுக்காரர்களான உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலர் அந்தத் திடலில் ஓடியவர்கள். சிலர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். யார் பெயரையும் போடப் போவதில்லை, பயப்படாமல் படியுங்கள்.

அப்போது மம்பாவ் சாலையிலிருந்து மூன்று மைல் உள்ளே இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்தால் மேலே படிக்க சிரம்பான் டவுனுக்குத்தான் போக வேண்டும். செம்மண் சாலையில் மூன்று மைல் நடந்து, பஸ் ஏறி, டவுனில் இன்னொரு பஸ் மாறவேண்டும். பையன்களே ஒரு வருடத்தில் சலித்துப்போய்ப் புல் வெட்ட வந்துவிடுவார்கள். பெண் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அப்படி இருக்கும்போதுதான் அரசாங்கம் தோட்டத்தின் ஓரத்தில் ஒரு துண்டு நிலத்தை எடுத்து இடைநிலைப்பள்ளி கட்டத் தொடங்கியது. எல்லைக் கால்வாயின் மேல் போட்டிருந்த பலகையைத் தாண்டினால் வரிசையாகக் கட்டிய எங்கள் லயன் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. பக்கத்து வீட்டில் என் தோழி இருந்தாள். பிறந்ததிலிருந்து ஒன்றாகவே வளர்ந்தவள், கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அவளுடைய அம்மா எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பஸ்ஸு ஏறிப் போற படிப்பு பொட்டப்புள்ளைக்கு வேணாம்லா. நடந்து போற எடத்துல பள்ளிக்கூடம் வந்தா நானே தல சீவி அனுப்புறேன்."

புதுப் பள்ளியில் இடம் கிடைத்தால் அவள் படிப்பாள், கிடைக்காவிட்டால் புல்வெட்டும் கும்பலோடு போவாள். பன்னிரண்டு வயதில் எங்கள் இருவருக்கும் இது நன்றாகத் தெரியும்.

கட்டடம் எழும்பிவிட்டது, திடலுக்குத்தான் வழியில்லை. வயதான ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள், அடிக்கட்டைகள் எல்லாம் அப்படியே மண்ணுக்குள் இருந்தன. நடுவில் ஆள் உயரத்துக்கு லாலாங் புல். தலைமையாசிரியர் மலாய்க்காரர், உயரமானவர், வெள்ளைச் சட்டையில் எப்போதும் ஒரு கை மட்டும் மடித்து விட்டிருப்பார். எங்கள் ஆட்கள் அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள். அவரே ஒருநாள் லயத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் பொதுவேலை, செய்து திடலைச் சரிபண்ணித் தர முடியுமா என்று கேட்டார். ரப்பர்ப் பாலுக்காக மரத்தைக் கீறி வெட்டுகிறவர்களுக்கு வாரத்தில் கிடைப்பதே அந்த ஒரு நாள்தான். இருந்தும் என் அப்பா எழுந்து சரி என்றார். அப்பா மண்டோர். பால் மரம் வெட்டும் கும்பல் ஒன்றுக்கு மேற்பார்வை. அவர் சரி என்றால் கும்பலே சரி என்ற மாதிரி.

பெரிய வாத்தியார் அன்று சொன்னதைத் தோட்டத்து டிரெஸர், அதாவது ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர், தமிழில் உரக்கச் சொன்னார்.

"இங்க வேர் எடுக்குறவங்க பிள்ளைங்க எல்லாரும் இங்கதான் படிக்கணுங்கிறாரு. ஒரு வகுப்பே ஒதுக்கி வைக்கிறாராம். பள்ளிக்கூடத்துல சேக்குற பாரத்த நேரா அவரு கையில கொண்டாந்து குடுக்கச் சொல்றாரு."

நேராக என்ற அந்தச் சொல்லை நானும் கேட்டேன், அப்பாவும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் சங்குல் மண்வெட்டி, பாராங் கத்தி, கடப்பாரை சகிதம் ஆட்கள் திடலில் கூடிவிடுவார்கள். சம்பளம் இல்லாத வேலைக்கும் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நிற்பதுபோல் வரிசையாக நிற்க வைத்து, பெயர் கூப்பிட்டு, ஆஜர் எடுத்த ஒரே மண்டோர் உலகத்தில் என் அப்பாவாகத்தான் இருப்பார். சிரிப்பார்கள், ஆனாலும் "வந்தேன்" என்று பதில் சொல்வார்கள். ரப்பர் வேர் லேசில் வராது. பக்கவாட்டில் ஓடி, பக்கத்து மரத்தின் வேரோடு பின்னிக்கொண்டு கிடக்கும். அழுகிய வேரை இழுத்தால் காளானும் ஈர மண்ணும் கலந்த ஒரு நாற்றம் வரும், கையைக் கழுவினாலும் போகாது. தோழியும் நானும் வேர்த்துண்டுகளைப் பொறுக்கிக் குவியலில் சேர்த்தோம். ஆட்களுக்குத் தேநீர் கொண்டுபோனோம். தேநீர் வருவது வெந்நீர் விட்டுக் கழுவிய பால் வாளியில். எவ்வளவு கழுவினாலும் ஒவ்வொரு மடக்கிலும் ரப்பர்ப் பால் வாடை இருக்கத்தான் செய்யும்.

தோழியின் அப்பா பேசாத மனிதர். அவர் எடுத்த ஒரு கட்டை மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை வாங்கியது. மூன்றாவது வாரம் அது புரண்டு வெளியே வந்தபோது ஆட்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள். பெரிய வாத்தியார் குழிக்குள்ளேயே இறங்கி அவர் தோளைத் தட்டினார். பிறகு அந்த இடத்தில்தான் கோல் கம்பம் நட்டார்கள்.

விண்ணப்பப் பாரங்கள் வந்தன. பத்தொன்பது குடும்பம், பத்தொன்பது பாரம். அப்பாவுக்கு ரோமன் எழுத்து வராது என்பதால் ஒரு ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டு மேசையில் உட்கார்ந்து நானே எல்லாவற்றையும் நிரப்பினேன். தனியாக ஒரு தாளில் பட்டியலும் எழுதினேன். தோழியின் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ஊதா மையில் பெருவிரலை ஒற்றினார்கள். ஒவ்வொரு ரேகையையும் அப்பா வாயால் ஊதி ஊதிக் காயவைத்தார். அந்தத் தாளை இன்று ஒருமுறை பார்க்கக் கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் கொடுப்பேன்.

அங்கிருந்து பலகையைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்து பெரிய வாத்தியாரிடம் கொடுத்திருந்தால் கதை முடிந்தது. அப்பா கொடுக்கவில்லை. தோட்டத்து சாப்பு குத்தாத தாளை வெளி ஆபீஸ் எதுவும் மதிக்காது என்று நம்பியவர் அவர். பிறப்புச் சான்றிதழோ ஆஸ்பத்திரிச் சீட்டோ ஊருக்குப் போகிற பாஸ்போர்ட்டோ, அவர் ஆயுளில் எல்லாமே தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீசில் அந்த உருண்டை முத்திரை விழுந்த பிறகுதான் நகர்ந்திருக்கிறது. பள்ளிக்கூடம் சாப்பு கேட்கவே இல்லை. ஆனால் சாப்பு இல்லாமல் போய் நின்றால் பெரிய வாத்தியார் முன்னால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார். பத்தொன்பது பாரங்களையும் செய்தித்தாளில் சுற்றிக் கிராணியாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, "வேல சுத்தமா முடிஞ்சுது" என்று அம்மாவிடம் சொன்னார். அன்று அவருக்கு இருந்த திருப்தியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இதற்கிடையில் தோழியின் அம்மா லோபாக் கடையில் துணி எடுத்து நீலப் பினஃபோர் தைத்துவிட்டார். அவள் அதை என்னிடம் மூன்று தடவை எடுத்துக் காட்டினாள், போட்டுக்காட்ட மாட்டேன் என்றாள். முதல் நாள்தான் போடுவாளாம்.

பள்ளி திறக்க இரண்டு வாரம் இருக்கும்போது கிராணியார் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். கடிதம் வந்தால் படிக்க வேண்டுமே என்று என்னையும் கூட்டிப்போனார் அப்பா. கிராணியார் மேசைமேல் மூன்று கடிதங்கள் இருந்தன. அவர் மகனுக்கு ஒன்று, டிரெஸர் மகளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

"மத்தது இன்னும் வரலீங்களாய்யா?" என்றார் அப்பா.

"மத்தது போகல."

"சாப்பு குத்தக் குடுத்தோமுங்களே."

"தொரை வேணாம்னுட்டாரு. எல்லாப் பயலும் படிக்கப் போயிட்டா நாளைக்கு எவன்யா மரம் வெட்டுறது? ஒன் மக பாரத்த மட்டும் நான்தான் எடுத்து அனுப்பி வச்சேன். எடுத்துக்கிட்டுப் போ."

தோட்ட மேலாளரான துரை அப்படிச் சொன்னாரா, இவரே முடிவு பண்ணினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா கத்துவார், மேசையைத் தட்டுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் இரண்டு கையாலும் கடிதத்தை வாங்கிக்கொண்டு "சரிங்கய்யா" என்றார்.

திரும்பி வரும் வழியில் நான் அழுதுகொண்டே கேட்டேன்.

"பெரிய வாத்தியாருகிட்டப் போயி சொல்லலாம்பா."

"கிராணியத் தாண்டிப் போனா வேல போயிரும். வேல போனா வீட்டக் காலி பண்ணச் சொல்லுவாங்க. ஒன் தம்பிங்கள எங்க வச்சுக்கறது?" கொஞ்ச தூரம் நடந்த பிறகு சொன்னார். "யாராச்சும் கேட்டா கவர்மெண்டுல சீட்டுக் குலுக்கிப் போட்டாங்கன்னு சொல்லு. அவ்வளவுதான். வேற பேசாத."

அதைத் தோழியிடம் சொன்னவள் நான்தான். தண்ணீர்க் குழாயடியில் வைத்துச் சொன்னேன். வாளி நிரம்பி வழிந்தது, அவள் குழாயை மூடவில்லை. "குலுக்குனாங்களா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஆமாம் என்றேன்.

முதல் நாள் பள்ளிக்கு நான் மட்டும் பலகையைத் தாண்டிப் போனேன். கிராணியார் மகனும் டிரெஸர் மகளும் வேறு மொழிப் பள்ளியிலிருந்து வந்தவர்கள், நேரே இடைநிலையின் முதல் வகுப்பான படிவம் ஒன்றுக்குப் போய்விட்டார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வருகிறவர்கள் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டும். அந்த வகுப்பில் சீனப் பிள்ளைகள் சிலரும் டவுன் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் நாலைந்து பேரும் இருந்தார்கள். சன்னல் ஓரமாக மூன்று வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. புது நாற்காலிகள், வார்னிஷ் வாசம் போகாதவை.

நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பெரிய வாத்தியார் வகுப்பு வாசலில் வந்து நின்று என்னை வெளியே கூப்பிட்டார். அந்தக் காலி வரிசைகளைக் காட்டி, "மானா யாங் லாயின்?" என்றார். மற்றவர்கள் எங்கே, திடலில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள் ஏன் வரவில்லை, பாரமே வரவில்லையே, அவர்களுக்கு விருப்பமில்லையா என்று மெதுவாக, எனக்குப் புரிகிற மலாயில் கேட்டார்.

"தாக் தாவு, சிக்கு" என்றேன். எனக்குத் தெரியாது ஐயா.

அவர் காத்திருந்தார். நான் என் புதுக் கேன்வாஸ் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான் காரணம் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயம் இருந்தது உண்மைதான். ஆனால் அறுபதைத் தாண்டிய பிறகு பொய் எதற்கு. அத்தனை பேர் பார்க்க பெரிய வாத்தியார் தனியாகக் கூப்பிட்டுப் பேசிய ஒரே தோட்டத்துப் பிள்ளை நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அடுத்த திங்கட்கிழமை அந்த நாற்காலிகளில் புதுத் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் தோழியின் அம்மா நீலப் பினஃபோரை எங்கள் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். புதுத் துணி, ஆனாலும் துவைத்துத் தேய்த்திருந்தது. "வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார். என் அம்மா வாங்கிக்கொண்டார். எனக்கு இடுப்பில் கொஞ்சம் தளர்வு, வேறொன்றும் குறையில்லை. அந்த வருடம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

திடலில் மழைக்குப் பிறகு புதுப் புது வேர்கள் தலைகாட்டும். விளையாட்டுப் போட்டியன்று நானூறு மீட்டரில் ஒருவன் வேர் தடுக்கி விழுந்து பல் உடைந்ததை உங்களில் பலர் இன்னும் சொல்லிச் சிரிப்பீர்கள். நானும் சிரித்தவள்தான். ஒருநாள் உடற்பயிற்சி நேரத்தில் பந்து வேலிக்குப் போனது, எடுக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் புல்வெட்டும் கும்பல். தலையில் துண்டு கட்டி, அப்பாவின் முழுக்கைச் சட்டை போட்டுத் தோழி நின்றாள்.

"உள்ள எப்படி இருக்கு?" என்றாள்.

"சும்மாதான். போரடிக்குது" என்றேன்.

அவள் கோல் கம்பத்தைப் பார்த்தாள். "எங்க அப்பா எடுத்த கட்ட அங்கதானே" என்றாள். நான் தலையாட்டினேன். மண்டோர் விசிலடித்தார், அவள் போய்விட்டாள். விசிலடித்தது என் அப்பா இல்லை, வேறு மண்டோர். அதுவரைக்கும் ஓர் ஆறுதல்.

அப்பாவை நான் மன்னிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவதைப் பதின்மூன்று வயதிலேயே குறைத்துக்கொண்டேன். படித்து, நில அலுவலகத்தில் வேலைக்குப் போய், கல்யாணமாகி அம்பாங்கானுக்கு வந்த பிறகும் அப்படித்தான். என்னைப் பொய் சொல்ல வைத்தவர், பதினெட்டுக் குடும்பத்தை நம்பவைத்து ஒரு கடிதத்துக்கு விற்றவர் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். சிரம்பான் ஆஸ்பத்திரியில் கடைசிக் காலத்தில் படுத்திருந்தபோது, "அந்தப் புள்ள வீட்டுக்கு நான் அப்பவே..." என்று ஏதோ ஆரம்பித்தார். "பழசையெல்லாம் இப்ப எடுக்காதீங்கப்பா" என்று சொல்லிப் போர்வையை இழுத்துவிட்டேன். பிறகு அவர் அதை எடுக்கவில்லை.

இதையெல்லாம் எழுதுவது என்று முடிவான பிறகு தோழியிடம் சொல்லாமல் எழுதுவது சரியில்லை என்று பட்டது. போன வாரம் மம்பாவில் அவள் மகள் வீட்டுக்குப் போனேன். புல்வெட்டு, பிறகு செனவாங்கில் ஃபேக்டரி வேலை, இப்போது ஓய்வு. கல்யாணம் காட்சியில் பார்த்துக்கொள்வோம், சிரித்துக்கொள்வோம், அவ்வளவுதான் எங்கள் பழக்கம். அவள் தேநீர் கலக்கிக்கொண்டு வந்து வைத்தாள். நான் கிராணி ஆபீஸ், சாப்பு, மூன்று கடிதம், குலுக்கல் பொய் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவள் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

"தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம்தான். உங்க அப்பா வந்து சொல்லிட்டாரு. பள்ளிக்கூடம் தொறந்து ரெண்டு வாரம் இருக்கும். எங்க வாசப்படியில ஒக்காந்து அழுதாரு. இந்த லெட்டரக் கிழிச்சுப் போட்டுர்றேன், எம்மவளையும் நிப்பாட்டிர்றேன்னாரு. எங்க அப்பாதான் வேணாம்னுட்டாரு."

அவள் காயை நகர்த்தி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மறுநாளு எங்க அப்பா வேலைக்குப் போகல. என்னையப் பினஃபோரு போடச் சொல்லிப் பெரிய வாத்தியாருகிட்டக் கூட்டிட்டுப் போனாரு. அவரு எந்திரிச்சு வந்து எங்க அப்பாவுக்குக் கை குடுத்தாரு. அந்தக் கட்டைய அவரு மறக்கலலா. அப்பறம் சொன்னாரு. ஒரு வாரம் நாற்காலியக் காலியாவே வச்சிருந்தேன், மண்டோர் மவளக் கூப்பிட்டுக் கேட்டேன், தெரியாதுன்னுச்சு, சரி யாருக்கும் வர இஷ்டமில்ல போலன்னு வெள்ளிக்கெழமதான் வேற ஆளுக்குக் குடுத்தேன்னாரு."

ஐம்பது வருடம் அப்பாவின்மேல் நான் நடத்திய வழக்கு அந்த ஒரு நிமிடத்தில் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. அவர் போய்ச் சொல்லிவிட்டார். வேலை, வீடு, மண்டோர் என்ற கெத்து எல்லாம் போனாலும் போகட்டும் என்று போய்ச் சொல்லிவிட்டார். சொல்லாதவள் நான் ஒருத்திதான், அதுவும் சொல்லியிருந்தால் நாற்காலி மிஞ்சியிருக்கக்கூடிய அந்த ஒரு வாரத்தில்.

"இத்தன வருசமா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?" என்றேன்.

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். அப்பறம் பாக்குறத விட்டுட்டேன்."

"கோவம் இருந்துச்சா?"

"இருந்துச்சாவா?" என்றாள். "இன்னும் இருக்கு. தே ஆறுது, குடி."

குடித்தேன். எனக்கு இனிப்புநீர் நோய் என்று எப்போதோ ஒரு கல்யாண வீட்டில் சொன்னதை நினைவு வைத்து, சர்க்கரை போடாமல்தான் கலந்திருந்தாள்.